மெக்சிகோ சிட்டி மானுடவியல் அருங்காட்சியகம்: பழைய மெக்சிகோக் கலையை எப்படிப் பார்ப்பது?

தூரதேசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாக ஒன்றரை வருடமாக மெக்சிகோவில், கெரெத்தாரோ ஊரில் இருக்கிறேன். இங்கிருந்து மெக்சிகோ சிட்டிக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம். போன மாதம் ஒரு சுற்றுலாக் குழுவோடு தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். இரண்டே மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். சூரியக்கல் என்கிற பெரிய வட்டச் சிற்பம் முன்னால் ஒரு படம், ஓல்மெக் மக்கள் செய்த கல் தலை முன்னால் ஒரு படம், மாயா அரசர் பக்காலின் பச்சைக்கல் முகமூடி முன்னால் ஒரு படம், அவ்வளவுதான். அறைக்குத் திரும்பி யோசித்தால் கால்வலியைத் தவிர எதுவுமே மனதில் தங்கவில்லை.

மனசு கேட்காமல் அடுத்த வாரம் தனியாகப் போனேன். காலை ஒன்பது மணிக்குத் திறந்ததும் முற்றத்தைக் கடந்து, (ஒரே தூண் மேல் நிற்கிற பிரம்மாண்டமான கூரை அங்கே இருக்கிறது, தூணைச் சுற்றி மழை மாதிரி தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், அதற்காகவே ஒருமுறை போகலாம்) நேராகக் கடைசியில் இருக்கும் மெஷிகா (அஸ்டெக்) அரங்குக்குப் போய் கோவாட்லிக்வே என்ற பெண் தெய்வத்தின் சிலை முன்னால் நின்றுவிட்டேன். இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரம். தலை இல்லை. வெட்டுப்பட்ட கழுத்திலிருந்து இரண்டு பாம்புகள் எழும்பி மூக்கோடு மூக்கு ஒட்டி, அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முகமாகிவிடுகின்றன. கழுத்தில் கைகளும் இதயங்களும் கோத்த மாலை, நடுவில் ஒரு மண்டையோடு. பாவாடை முழுக்கப் பின்னிய பாம்புகள். கால் இருக்க வேண்டிய இடத்தில் கழுகின் நகங்கள். சிலை லேசாக முன்னால் சாய்ந்திருப்பதால் பக்கத்தில் போனால் நம் மேல் குனிகிற மாதிரி இருக்கிறது.

அழகு என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. இதை எப்படிப் பார்ப்பது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மறுபடியும் போகப் போகிறேன்.

செம்மண் எழுதியது:

மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன் தூரதேசி, எனக்கு இது ஒட்டவே இல்லை. நானும் அந்த அரங்குக்குப் போயிருக்கிறேன். நுழைந்ததும் கல்லில் ஒரு பெரிய சிறுத்தை (ஜாகுவார்) உட்கார்ந்திருக்கும், கவனித்தீர்களா? உடம்பு, பாதம், மீசை எல்லாம் அவ்வளவு அருமை. முதுகில் உருண்டையாக ஒரு குழி. பூவோ தண்ணீரோ வைக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டு பலகையைப் படித்தேன். பலி கொடுத்தவர்களின் இதயத்தை வைக்கிற இடமாம். அதற்கப்புறம் எதையும் ரசிக்க முடியவில்லை. ரசிப்பதே தப்போ என்றுகூடத் தோன்றியது. அந்தக் குழியைத் தெரிந்துகொண்ட பிறகும் எப்படி ரசிக்கிறீர்கள்? விதண்டாவாதம் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

நூலகவாசி எழுதியது:

உங்கள் இருவருக்கும் வந்த தடுமாற்றம் இருநூறு வருடத்துக்கு மேல் பழையது. கோவாட்லிக்வே கிடைத்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1790 ஆகஸ்ட் 13. ஸ்பானிய ஆட்சி. மெக்சிகோ சிட்டியின் பெரிய சதுக்கத்தைச் சீரமைக்கத் தோண்டும்போது இந்தச் சிலை வெளியே வந்தது. அதே வருடம் டிசம்பர் 17ஆம் தேதி அதே சதுக்கத்தில் சூரியக்கல்லும் கிடைத்தது. சூரியக்கல்லைப் பேராலயத்தின் கோபுரச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி பதித்து வைத்தார்கள், 1885 வரை அங்கேதான் இருந்தது. கோவாட்லிக்வேயை என்ன செய்தார்கள்? பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச காலத்தில் முற்றத்திலேயே புதைத்துவிட்டார்கள். உள்ளூர் மக்கள் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுவந்து கும்பிட ஆரம்பித்ததுதான் காரணம் என்று அப்போது இருந்த ஒரு பிஷப்பே எழுதியிருக்கிறார். 1803இல் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டதால் தோண்டினார்கள், பார்த்து முடித்ததும் மூடினார்கள். 1823இல் புல்லக் என்ற ஆங்கிலேயர் லண்டனில் காட்சி வைக்க அச்சு எடுக்க வந்தபோது மறுபடியும் தோண்டினார்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் கோயிலில் நின்ற சிலை அது. கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்து எழுந்து வந்தபிறகும் ஜனங்கள் அடையாளம் கண்டு பூ வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த விஷயம்தான் சிலையை விடப் பெரியதாகத் தெரிகிறது.

அப்புறம் கதை. அவள் ஒரு தாய். கோவாட்டெபெக் என்ற மலையில் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஒரு இறகுப் பந்து விழுந்தது, எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், கருவுற்றாள். மூத்த மகள் கொயொல்ஷௌகியும் நானூறு மகன்களும் அவமானம் என்று சொல்லித் தாயைக் கொல்லப் புறப்பட்டார்கள். வயிற்றில் இருந்தவன் ஆயுதத்தோடு பிறந்து அக்காவை வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டான். அவன்தான் மெஷிகா மக்களின் தெய்வம் ஹுயிட்சிலோபோச்ட்லி. இதை மனதில் வைத்துக்கொண்டு சிலையின் மார்பைப் பாருங்கள். தளர்ந்து தொங்கும் மார்பு, நிறையப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவளுடைய மார்பு. செதுக்கியவனுக்கு அவள் முதலில் அம்மா.

இன்னொன்று. அந்தச் சிலையின் அடிப்பாகத்தில், அதாவது தரையில் அழுந்தியிருக்கும் பக்கத்தில், பூமித் தெய்வம் ட்லால்டெகுட்லியின் உருவம் முழுசாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தி வைத்த பிறகு எந்த மனிதக் கண்ணும் பார்க்க முடியாது.

தூரதேசி எழுதியது:

அடிப்பாகத்திலா?! அரை மணி நேரம் நின்றேன், அதன் அடியில் ஒரு சிற்பம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே. யார் பார்க்கச் செதுக்கினார்கள்?

நூலகவாசி எழுதியது:

பூமி பார்க்க. பூமித் தெய்வத்தின் உருவம் பூமியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மெஷிகா சிற்பங்களில் அடியில் செதுக்குவது ஒரு வழக்கமாகவே இருந்திருக்கிறது.

மண்பாண்டம் எழுதியது:

களிமண்ணில் வேலை செய்கிறவள் என்பதால் என் வழி கொஞ்சம் வேறு. தூரதேசி, பெரிய கல்லில் ஆரம்பித்தால் மூச்சு முட்டும். அடுத்த முறை கையில் அடங்குகிற பொருள்களிலிருந்து தொடங்குங்கள்.

முற்றத்துக்கு வலப்பக்க அரங்குகளில் ட்லாட்டில்கோ என்ற பழைய ஊரில் கிடைத்த சுடுமண் கழைக்கூத்தாடி இருக்கும். ஒரு சாணுக்குச் சற்று கூடுதலான உயரம், வயது மூவாயிரம் வருடத்துக்குக் கிட்டே. குப்புறப் படுத்து, உடம்பைப் பின்னால் வளைத்து, பாதத்தைத் தலை மேல் வைத்திருப்பான். உண்மையில் அது ஒரு குவளை, முழங்காலில் திறப்பு இருக்கும். சக்கரம் இல்லாமல், கையாலேயே உள்ளே வெற்றிடமாக இவ்வளவு வளைவையும் எழுப்பியிருக்கிறார்கள். ஈர மண் தன் எடையிலேயே தொய்யும், கைகால் சேரும் இடத்தில் காயும்போது விரிசல் விடும், சுடும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் வெடிக்கும். இத்தனையும் தாண்டி அவன் முகத்தில் சிரமமே தெரியாது. நான் அதே மாதிரி ஒன்று செய்து பார்க்க முயன்று நான்கு தடவை இடுப்பில் உடைந்தது.

அப்புறம் கொலீமா பகுதியின் சுடுமண் நாய்கள். மேற்கு மெக்சிகோவில் கிணறு மாதிரி ஆழமாக இறங்கும் கல்லறைகளில் இறந்தவர்களோடு வைத்தவை, சுமார் ஆயிரத்தெழுநூறிலிருந்து இரண்டாயிரத்து முந்நூறு வருடம் பழையவை. கொழுகொழு வயிறு, குட்டைக் கால், செம்மண் பூச்சு. அந்தப் பளபளப்பு எந்த மெருகு எண்ணெயாலும் வந்ததில்லை, பாதி காய்ந்த மண்ணை வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவருவது. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பாருங்கள், தேய்த்த கல்லின் தடம் மெல்லிய கோடுகளாகத் தெரியும். ஒரு ஆள் உட்கார்ந்து நாய்க்குட்டியைத் தடவிக்கொடுக்கிற மாதிரி அதைத் தேய்த்திருக்கிறார். மனித முகமூடி போட்ட நாய் ஒன்றும் அங்கே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

பச்சைக்கல்லும் அப்படித்தான். இரும்புக் கருவி அவர்களிடம் கிடையாது. ஜேட் எஃகோடு போட்டி போடுகிற கடினம் உள்ள கல். நூலை நனைத்து மணலைத் தொட்டு முன்னும் பின்னும் இழுத்து அறுப்பார்கள், உள்ளே ஓட்டையான நாணல் அல்லது பறவை எலும்பால் மணல் போட்டுத் துளைப்பார்கள். மான்டே அல்பான் என்ற பழைய நகரில் கிடைத்த வௌவால் முகமூடியைப் பாருங்கள், 25 ஜேட் துண்டுகள், ஒவ்வொன்றும் அடுத்ததோடு மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்காரும்.

செம்மண் எழுதியது:

மண்பாண்டம் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்து நாயைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. எப்படிச் செய்தார்கள் என்று பேசினால் எதற்குச் செய்தார்கள் என்பது பின்னால் போய்விடுகிறது. அந்தச் சிறுத்தையையும் அருமையாகத்தான் செய்திருக்கிறார்கள்.

கயல் எழுதியது:

செம்மண் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மழுப்பக் கூடாது. நரபலி நடந்தது. ஸ்பானியர்கள் கட்டிவிட்ட கதை என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. 2015இல் மெக்சிகோ சிட்டியில் பேராலயத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் அடியில் மண்டையோட்டு வரிசைக் கோபுரத்தைத் தோண்டி எடுத்தார்கள். பெண்கள், குழந்தைகள் மண்டையோடுகளும் அதில் இருந்தன. அதே சமயம் 1487இல் பெரிய கோயில் குடமுழுக்கில் நான்கு நாளில் எண்பதாயிரம் பேரைக் கொன்றார்கள் என்று பழைய ஏடுகளில் வரும் கணக்கை ஆய்வாளர்கள் பலர் நம்புவதில்லை. ஜெயித்தவர்களுக்கு அந்த எண் வசதியாக இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் இதை எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்றால், அந்தக் குழியைப் பார்க்காமல் சிறுத்தையைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அவர்கள் கணக்கில் உலகம் நான்கு முறை அழிந்துவிட்டது, இது ஐந்தாவது சூரியன். சூரியக்கல்லின் நடு முகத்தைச் சுற்றி நான்கு கட்டங்கள் இருக்கின்றன இல்லையா, அவைதான் அழிந்த நான்கு யுகங்கள்: சிறுத்தை, காற்று, நெருப்பு மழை, வெள்ளம். இந்தச் சூரியனும் நின்றுவிடும் என்ற பயத்தில் வாழ்ந்த ஜனங்கள். அந்தப் பயத்தைப் புரிந்துகொள்வதால் கொலை நியாயமாகிவிடாது. ஆனால் கல்லில் இருக்கும் அந்த இறுக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

(ஒரு திருத்தம்: சூரியக்கல்லை நாள்காட்டி என்று சொல்லி நகல் விற்கிறார்கள். இருபது நாள்களின் குறிகள் ஒரு வளையத்தில் இருப்பது உண்மை, ஆனால் நாள் பார்க்கிற பலகை இல்லை அது. 24 டன் கல், வட்டத்துக்கு வெளியே செதுக்காத விளிம்பு அப்படியே இருக்கிறது.)

நான் லண்டனில் இருப்பதால் இங்கே பிரிட்டிஷ் மியூசியத்தின் 27ஆம் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருதலைப் பாம்பு ஒன்று இருக்கிறது, அகலம் 43 சென்டிமீட்டர்தான். மரத்தில் செதுக்கி, சுமார் இரண்டாயிரம் டர்க்கைஸ் (நீலப்பச்சைக் கல்) சில்லுகளை மரப்பிசினால் ஒட்டியிருக்கிறார்கள். சில்லுகள் அவ்வளவு பொடிசு, அதனால் நாம் நடக்கும்போது பாம்பு நெளிகிற மாதிரி இருக்கும். ஈறு சிவப்புச் சிப்பி, பல் வெள்ளைச் சங்கு. அறைக்குள் நுழைகிற எல்லோரும் ஒரு நொடி நின்றுவிடுவார்கள். எனக்கோ ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும், ஏனென்றால் இது தப்பிப் பிழைத்தது. தங்கத்தில் செய்த எத்தனையோ வேலைப்பாடுகளை உருக்கிக் கட்டியாக்கிவிட்டார்கள். 1520இல் ஜெர்மானிய ஓவியர் டியூரர் பிரஸ்ஸல்ஸ் நகரில் மெக்சிகோவிலிருந்து வந்த பொருள்களைப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் தன் மனதை இவ்வளவு மகிழ்வித்தது வேறொன்றும் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். அவரே தட்டார் வீட்டுப் பிள்ளை, தங்க வேலை தெரிந்த கண். அவர் எழுதிய ஆளுயரத் தங்கச் சூரியனும் வெள்ளி நிலவும் இன்று எங்கேயும் இல்லை.

பனிமலர் எழுதியது:

இழையைத் தாமதமாகப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். என் பையனுக்குப் பதினோரு வயது, பலெங்கே என்ற மாயா நகரில் பக்கால் கல்லறை மூடியில் ராக்கெட் ஓட்டுகிற ஆள் இருக்கிறார் என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நம்பிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

நூலகவாசி எழுதியது:

படத்தை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த வீடியோக்களில் மூடியைப் படுக்கவைத்துக் காட்டுவார்கள். நெட்டாகப் பிடித்தால் அடியில் பூமியின் வாய் திறந்திருக்கும், அதன் மேல் பக்கால், அவருக்குப் பின்னால் சிலுவை மாதிரி உலக மரம், உச்சியில் ஒரு பறவை. சாவும் மறுபிறப்பும் ஒரே படத்தில். மற்ற மாயா சிற்பங்களிலும் அதே மரமும் அதே பறவையும் வரும்.

உண்மைக் கதை ராக்கெட்டை விட விறுவிறுப்பானது என்று பையனிடம் சொல்லுங்கள். 1949இல் அல்பெர்டோ ருஸ் என்ற தொல்லியலாளர் கோயில் தரைக்கல் ஒன்றில் ஓட்டைகள் இருப்பதைக் கவனித்தார். கல்லைத் தூக்கினால் கீழே படிக்கட்டு, முழுக்க இடிபாடு போட்டு அடைத்தது. அதை அள்ளி முடித்துக் கல்லறை அறையைத் திறக்க 1952 ஆகிவிட்டது. உள்ளே 683இல் இறந்த அரசர், முகத்தில் ஜேட் முகமூடி. மூடி பலெங்கேயிலேயே இருக்கிறது, முகமூடி மெக்சிகோ சிட்டி அருங்காட்சியகத்தில். அந்த முகமூடியையும் மண்பாண்டம் சொன்ன வௌவாலையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை 1985 கிறிஸ்துமஸ் அதிகாலையில் திருடிவிட்டார்கள். 1989இல்தான் பெரும்பாலானவை திரும்பக் கிடைத்தன. இன்று நீங்கள் பார்க்கிற முகமூடி மூன்றரை வருடம் காணாமல் போய்த் திரும்பி வந்தது.

மண்பாண்டம் எழுதியது:

பனிமலர், பையனை அழைத்துப் போனால் மாயா அரங்கில் ஹைனா தீவின் சுடுமண் பொம்மைகளைக் காட்டுங்கள். உள்ளங்கை அளவுதான், சிலது ஊதல், சிலது கிலுகிலுப்பை. நெய்கிற பெண், கொண்டை போட்ட சீமாட்டி, பந்தாட்டக்காரர் என்று ஒரு ஊரே இருக்கும். சிலவற்றில் இன்னும் நீலம் ஒட்டியிருக்கிறது. அந்த நீலம் அவுரி! நம் ஊர் அவுரிச் செடியின் இனத்தைச் சேர்ந்த அவர்கள் ஊர்ச் செடியின் சாயத்தை ஒருவகை வெள்ளைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கியிருக்கிறார்கள். சாயம் களிமண்ணின் நுண்துளைக்குள் போய் மாட்டிக்கொள்கிறது, அமிலம் ஊற்றினாலும் போகாது. துணியில் வெளுத்துப்போகிற சாயம் ஆயிரம் வருடம் மழைக்காட்டு ஈரத்தில் அப்படியே இருக்கிறது.

செம்மண் எழுதியது:

கயல், உங்கள் பதிலை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். எனக்கு இன்னும் சிறுத்தையைப் பிடிக்கவில்லை, பிடிக்காமலே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அன்று நான் பலகையைப் படித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனது தப்பு. அதே அரங்கில் சிவப்புக் கல்லில் ஒரு வெட்டுக்கிளி இருக்கிறது என்று இப்போதுதான் தேடிப் படித்தேன். அருங்காட்சியகம் இருக்கும் இடத்தின் பெயரே வெட்டுக்கிளிக் குன்று, சாபுல்தெபெக். பச்சைக்கல்லில் ஒரு பூசணிக்காயும் இருக்கிறதாம். பலி கொடுத்த அதே ஜனங்கள் ஒரு பூசணிக்காயை இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று தெரியவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தூரதேசி எழுதியது:

போய்விட்டு வந்தேன். நேற்று ஞாயிறு, கூட்டம் அதிகம், உள்ளூர்க் குடும்பங்கள் பாட்டி பேரனோடு வந்திருந்தார்கள். இந்த முறை நான்கே பொருள்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

கழைக்கூத்தாடியிடம் இருபது நிமிடம். பக்கவாட்டில் போனால்தான் அந்த வளைவு புரிகிறது, முன்னாலிருந்து பார்த்தால் பாதி தெரியாது. நாயிடம் தேய்த்த தடம் தெரிகிறது அக்கா, விளக்கு வெளிச்சம் ஓரமாகப் படும் இடத்தில், கழுத்துக்குக் கீழே. பார்த்ததும் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

செம்மண், உங்களுக்காக வெட்டுக்கிளியையும் பார்த்தேன். பின்னங்கால்களை மடக்கித் தாவத் தயாராக இருக்கிறது. எந்த நிமிடமும் பறந்துவிடும்.

கடைசியாகக் கோவாட்லிக்வே. இந்தத் தடவை பின்பக்கம் போனேன். அங்கேயும் செதுக்கல், இடுப்பில் இன்னொரு மண்டையோடு, அதன் கீழே பின்னல் பின்னலாகத் தொங்கல். முன்னால் படம் எடுக்கிற கூட்டம், பின்னால் நான் மட்டும். பக்கத்தில் ஒரு பாட்டி வந்து நின்றார், சிலையைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார், என் ஸ்பானிஷுக்குப் புரியவில்லை. அப்புறம் தரையோடு சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியாது என்று தெரியும், இருந்தும் குனிந்தேன்.

அடுத்து ஷலாபா ஊரின் அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன், மெக்சிகோ சிட்டியிலிருந்து ஐந்து மணி நேரம். அங்கே எதை விடக் கூடாது?

மண்பாண்டம் எழுதியது:

ஓல்மெக் தலைகள் ஏழு இருக்கின்றன, அவை உங்களை விடாது, நீங்கள் தேடிப் போக வேண்டியது லாஸ் லிமாஸ் பெருமகன். பச்சைக்கல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியில் ஒரு குழந்தையை ஏந்தியிருப்பார், 55 சென்டிமீட்டர் உயரம். 1965இல் லாஸ் லிமாஸ் கிராமத்தில் இரண்டு பிள்ளைகள் பனைக்கொட்டை உடைக்கக் கல் தேடியபோது மண்ணில் துருத்திக்கொண்டிருந்த இவர் தலை கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா என்று வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இரண்டு தோளிலும் இரண்டு முழங்காலிலும் மெல்லிய கீறலாக நான்கு தெய்வ முகங்கள் இருக்கும். நேராக நின்றால் கல் வழவழப்பாகத்தான் தெரியும். கொஞ்சம் உட்கார்ந்து, வெளிச்சம் சாய்வாகப் படும் பக்கம் தேடுங்கள். முதலில் இடது முழங்காலில் தேடிப் பாருங்கள்.